குறைந்த எடை எங்கே போனது?

போன மாதம் ஒரு நாள், என்னோடு வேலை செய்த மார்க் தொலைபேசியில் கூப்பிட்டான். "தேவா, உன்னுடைய கவுண்டரைக் கழற்றிவிட்டார்கள், வந்து பார்" என்றான். கழற்றினால் எனக்கென்ன, ஓய்வு பெற்றவன்தானே என்று இருந்திருக்கலாம். ஆனால் மறுநாளே பஸ் பிடித்து மொன்றியலின் சென்ட் லோரன்டுக்குப் போனேன். அங்கே வேட்டைச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடையில், துவக்குத் தோட்டாக்கள் விற்கும் பகுதியில் நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றவன்.

கவுண்டர் இருந்த இடத்தில் ஆள் உயரத்தில் ஒரு தொடுதிரை நின்றது. அது வாடிக்கையாளரிடம் இரண்டே கேள்விகள் கேட்கிறது. எந்தத் துவக்கு? எந்த மிருகம்? சோதித்துப் பார்ப்போமே என்று பழைய .303 துவக்கைத் தெரிவுசெய்தேன். மிருகத்துக்கு மூஸைத் தொட்டேன். குதிரையைவிட உயரமாக நிற்கும் இந்தக் காட்டு மானைத்தான் கியூபெக்காரர்கள் 'ஒரின்யால்' என்பார்கள், நம்மவர்கள் ஊர்ப் பழக்கத்தில் 'மரை' என்பார்கள். உடனே திரையில் கொம்பு விரித்த மூஸ் படம் போட்ட ஒரு பெட்டி வந்தது. 150 கிரெயின், சின்ன மானுக்குரிய பாரம் குறைந்த தோட்டா. கீழே, 'அதிகம் விற்பனையாவது' என்று ஒரு வரி.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "உங்களுக்கு விசரோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். சீருடை போட்ட ஒரு பிள்ளை ஓடி வந்து, உதவி வேண்டுமா என்று பிரெஞ்சில் பணிவாகக் கேட்டாள். "எனக்கு வேண்டாம் பிள்ளை, அந்த மூஸுக்குத்தான் உதவி வேண்டும்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. அவளில் குற்றமில்லை, அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு அந்தக் கடையின் களஞ்சியத்தில் பெட்டி தூக்கி, முதுகு பிடித்துக்கொண்டபின் கவுண்டருக்கு மாற்றப்பட்டேன். அந்தக் கதை எல்லோரிடமும் இருப்பதுதான், நீட்டவில்லை. "சண்டைக்குப் பயந்து ஓடி வந்தவன் சன்னம் விக்கிறான்" என்று கோயிலில் கண்டவர்கள் பகிடி பண்ணுவார்கள். விற்கிறவன் ஒருத்தனாவது அது எங்கே போய் விழும் என்று கேட்கட்டுமே என்பேன்.

கேட்கப் பழக்கியவள் மதாம் தெரேஸ். கவுண்டருக்கு அவள்தான் தலைமை. கட்டையான உருவம், சிகரெட்டில் கரகரத்த குரல், சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. ஒவ்வொரு இலையுதிர் காலமும் தானே காட்டுக்குப் போய் மூஸ் சுடுகிறவள். வாடிக்கையாளர் ஒரு பெட்டியைக் கேட்டால் எடுத்து மேசையில் வைப்பாள், ஆனால் பெட்டியின் மேலிருந்து கையை எடுக்க மாட்டாள். எதைச் சுடப் போகிறாய்? எவ்வளவு தூரத்தில்? உடம்பில் எந்த இடத்துக்குக் குறி வைப்பாய்? பதில் திருப்தி இல்லையென்றால் அந்தக் கை அசையாது. பெரிய வழக்கறிஞர், கட்டட முதலாளி என்று எத்தனையோ பேர் அந்தக் கைக்கு முன்னால் சிவந்த முகத்தோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். "நோ, மெஸ்யூ. இது மானுக்கு. மூஸுக்குத் தர மாட்டேன்" என்பாள். அவ்வளவுதான்.

அவள் எனக்குச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்கு இது தேவை. தோட்டா என்பது முழுதும்: பித்தளைக் கோது, உள்ளே வெடிமருந்து, நுனியில் சன்னம். பறந்து போவது சன்னம் மட்டும். கிரெயின் என்பது அதன் எடையைச் சொல்லும் சிறு அளவு. வழமையான வேட்டைச் சன்னத்தில் வெளியே மெல்லிய செம்பு உறையும் உள்ளே ஈயமும் இருக்கும். அது மிருகத்தில் பட்டதும் முன்பக்கம் காளான் மாதிரி விரிய வேண்டும். ஆனால் உடையக் கூடாது. விரியாவிட்டால் ஊசி மாதிரி ஒரு துளை போட்டுக்கொண்டு மறுபக்கத்தால் போய்விடும், மிருகம் எங்கோ ஓடிப்போய் நாள் முழுக்கக் கிடந்து சாகும். உடைந்தால் தோளெலும்போடு நின்றுவிடும், நெஞ்சுக்குள் போய்ச் சேராது. இதில் எந்த மிருகத்துக்கு எந்தக் கனம், எந்த உறுதி என்று தெரிந்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. 150 கிரெயின் பாரம் குறைந்தது, வேகம் கூடியது. மெல்லிய விலா உள்ள மானுக்குப் போதும். மூஸின் தோளெலும்புக்கு 180 வேண்டும், அதுவும் உறையும் ஈயமும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்த வகை வேண்டும். பெட்டியில் எந்த மிருகத்தின் படம் இருக்கிறதென்று பார்த்து வாங்குகிறவனை அவள் மனிதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டாள்.

வேட்டைக் காலம் முடிந்தால் வாடிக்கையாளர்கள் மிருகத்திலிருந்து எடுத்த சன்னங்களை அவளிடம் கொண்டுவருவார்கள். அவள் கேட்டுக்கொண்டபடி வருகிறவை அவை. இரத்தம் கழுவி, சின்னத் தராசில் ஒவ்வொன்றாக வைப்பாள். போனது 180, திரும்பி வந்தது 165 என்றால் நல்ல சன்னம். பாதிதான் திரும்பியதென்றால் அந்த வகையை அடுத்த ஆண்டு தட்டிலிருந்தே எடுத்துவிடுவாள். "மிச்சம் எங்கே போனது மெஸ்யூ?" என்று கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்பாள். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இனிக் குணமண்ணையின் விஷயம். குணமண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மூத்தவர். நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். தொழிற்சாலையில் கூட வேலை செய்த கியூபெக்காரர்கள் வேட்டைக்குக் கூட்டிப்போய்ப் பழக்க, அவருக்கு அது பித்தாகிவிட்டது. வகுப்புக்குப் போனார், அனுமதி அட்டை எடுத்தார், யாரோ ஒரு கிழவரிடமிருந்து பழைய .303 துவக்கு ஒன்றையும் வாங்கினார். வேறு துவக்கெல்லாம் இருக்க அதையேன் வாங்கினார் என்றால், ஊரில் பொலிஸ்காரன் தோளில் பார்த்துப் பெயர் தெரிந்த ஒரே துவக்கு அதுதானாம். துவக்கில் பிழையில்லை. இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக மூஸ் சுட்ட துவக்கு அது.

ஒரு செப்டெம்பரில் கவுண்டருக்கு வந்தார். அன்று தெரேஸ் விடுமுறை, நான் மட்டும்.

"தேவன், ஆமிக்காரன் பாவிக்கிற மாதிரி முழுக்க உறை போட்ட ரவை இருக்கோ? அது இறைச்சியைப் பழுதாக்காதாம்."

"அண்ணை, அது விரியாது. மிருகம் சித்திரவதைப்பட்டுச் சாகும். சட்டமும் விடாது."

"அப்ப இந்தப் பாரம் குறைஞ்சதைத் தாரும்." 150 கிரெயின் பெட்டியைக் காட்டினார். "சின்னக் குண்டு, சின்னச் சேதம். நாங்கள் அஞ்சு வீட்டுக்குப் பங்கு போடோணும் ஐசே. ஒரு இறாத்தல் வீணாகக் கூடாது."

பங்கு என்றால் நம்மவர்களுக்குத் தெரியும். ஊரில் ஒரு கிடாயை நாலைந்து குடும்பம் சேர்ந்து வாங்கி வெட்டி, தோளும் தொடையும் விலாவும் ஈரலும் எல்லாக் குவியலிலும் சரிசமமாக வரும்படி பிரிப்பது. எலும்போடுதான் வெட்டு. எதையும் எறிவதில்லை. எறிந்தால் யாரோ ஒருவருடைய பங்கு குறைந்துபோகும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் குணமண்ணை சன்னத்தைத் தெரிவுசெய்தார். பாரம் குறைந்தால் சேதம் குறையும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் தலைகீழ். பாரம் குறைந்த வேகமான சன்னம்தான் எலும்பில் பட்டுச் சிதறி அதிக இறைச்சியை நாசமாக்கும். இதை அவருக்கு எப்படியெல்லாமோ சொன்னேன். தெரேஸைப் போலப் பெட்டியின் மேல் கையையும் வைத்துக்கொண்டேன்.

"நீர் எனக்கு விக்க மாட்டீரோ?" என்று அவர் குரலை உயர்த்தினார்.

அந்தச் சத்தத்துக்குக் கடை முகாமையாளர் பெனுவா வந்தான். நாற்பது வயதுகூட இராது, சப்பாத்துப் பகுதியிலிருந்து மேலே வந்தவன். 150 கிரெயின் பெட்டிகளை அளவுக்கு மிஞ்சி வாங்கிக் கடை வாசலில் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தவன் அவன்தான். "வாடிக்கையாளர் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டார், தேவா" என்று சிரித்தபடி என் கையைத் தள்ளாத குறையாகப் பெட்டியை எடுத்துக் குணமண்ணையிடம் நீட்டினான். "பெட்டியிலேயே ஒரின்யால் என்று எழுதியிருக்கிறதே!" குணமண்ணை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். வெள்ளைக்காரன் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்ற பார்வை அது. அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

ஒக்டோபரில் அவருக்கு மூஸ் விழுந்தது. கூடப்போன நம்மவர் சிலரும் அவரும் அதை நாலு கூறாக்கித் தோளில் காவி லொறியில் ஏற்றி வந்து, ஒரு கராஜில் நீலப் படங்கு விரித்துப் பங்கு போட்டார்களாம். நான் வேட்டைக்குப் போகாதவன், ஆனாலும் ஒரு பங்கு எங்கள் வீட்டுக்கும் வந்தது. கோபத்தை மறந்து கொடுத்தனுப்பியது பெரிய மனம்தான். அதை நான் மறுக்கவில்லை.

அந்தக் கிழமையே கவுண்டருக்கு வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "எங்க உம்மட மதாம்? கொண்டுவரச் சொல்லுறவ எல்லே, கொண்டந்திருக்கிறன்." பேப்பரில் சுற்றியிருந்ததைத் தெரேஸின் கையில் வைத்தார்.

அவள் விரித்துப் பார்த்தாள். சன்னம் இல்லை. கிழிந்து முறுகிய செம்பு உறை ஒன்று, அதில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் ஈயம். தராசில் வைத்தாள். 150 போனது, திரும்பி வந்தது 48.

"எத்தனை வெடி?"

"மூண்டு. முதல் வெடி தோளில. இது அதில கிடந்தது. மிருகம் விழேல்லை, ஓடிட்டுது. பின்னேரம் வரைக்கும் தேடித்தான் மற்ற ரெண்டும் வைச்சது." நான் மொழிபெயர்த்தேன்.

தெரேஸ் கண்ணாடியைக் கழற்றினாள். வழமையான கேள்வியை அவள் கேட்கவில்லை. "காயத்தைச் சுற்றி எவ்வளவு வெட்டி எறிந்தீர்கள்?" என்றாள்.

குணமண்ணைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "ஏன் எறியிறது? இரத்தம் கண்டின இடத்தை உப்புத் தண்ணியில ஊறவிட்டுக் கழுவினனாங்கள். ஒரு துண்டும் வீண் போகேல்லை" என்றார் பெருமையாக.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த நாட்டு வேட்டைக்காரர்கள் காயத்தைச் சுற்றி இரண்டு சாண் வெட்டிக் குப்பையில் போடுவார்கள், மிச்சத்தை எலும்பு நீக்கி எடுப்பார்கள். அதனால்தான் அத்தனை ஆண்டும் தராசைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது. எங்கள் ஆட்கள் சிதறிய ஈயத்தோடு சேர்த்து அந்தத் தோளைச் சின்னச் சின்னத் துண்டாகக் கொத்தி, நீதி நியாயமாகக் கலந்து, எல்லா வீட்டுக்கும் பிரித்திருக்கிறார்கள்.

உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மனைவி வதனி சமையலறையில் நின்றாள்.

"அந்த இறைச்சியில கை வையாதையும்."

"ஏனப்பா? கழுவிக்கொண்டு நிக்கிறன். அடியில ஏதோ சாம்பல் மாதிரிப் படியுது, என்னெண்டு பாக்கிறன்."

அன்று மாலை அந்தப் பாத்திரத்தின் அடியில் படிந்ததை விரலால் தொட்டுப் பார்த்தேன். மணலைவிடச் சின்னது. பல்லில் கடிபட்டால் துப்பலாம் என்று சொல்லக்கூடிய அளவில்கூட இல்லை. நேரே குணமண்ணை வீட்டுக்குப் போனேன். அங்கே அவருடைய மருமகள் நிரோஷா இருந்தாள். மொன்றியலில் பிறந்து வளர்ந்த பிள்ளை, ஒரு கார்தெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. ஆறு மாதக் கர்ப்பிணி. அவளைக் கண்டதும் நான் சொல்ல வந்தது இன்னும் பாரமாகிவிட்டது. பெரியவர்களுக்கே கூடாத ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கு எவ்வளவு கூடாதென்று தெரேஸ் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

சொன்னேன். குணமண்ணை எழும்பிவிட்டார்.

"என்ர கையால குடுத்த பங்கை விசம் எண்டுறீரோ? ஊரில கொக்குச் சுட்டுத் தின்னேக்க எத்தினை சன்னம் பல்லில கடிச்சிருப்பம்? செத்தா போனம்? நான் உம்மட்டை வாங்கேல்லை எண்ட கொதி உமக்கு!"

"ஓம், கொதிதான் அண்ணை. ஆனா அந்தத் தராசுக்குக் கொதி இல்லை. நூறு கிரெயினுக்கு மேல காணேல்லை. அது எங்க?"

அவர் வாயைத் திறக்க முன் நிரோஷா கேட்டாள். "மாமா, எனக்குத் தந்த பங்கு எந்தப் பக்கத்து இறைச்சி?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். "பிள்ளைத்தாச்சிக்கெண்டு தோள் பக்கமாப் பாத்துக் கூட வைச்சனான், மோனை" என்றார். அவள் இரண்டு நேரம் சாப்பிட்டிருந்தாள். நான் அவரோடு எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறேன், ஆனால் அந்தக் கதிரையில் அவர் இருந்த இருப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் நான் பெனுவாவின் அறைக்குப் போனேன். தெரேஸும் வந்தாள். இந்தப் பெட்டிகளை மூஸுக்கென்று விற்பதை நிறுத்து, வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை அறிவி என்று கேட்டோம். அவன் கதிரையில் சாய்ந்து, "நூறு வருசமாக மக்கள் இப்படிச் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். ஒன்றும் ஆகாது. உங்கள் ஆட்கள் வெட்டும் முறை பிழையென்றால் அதற்குக் கடை என்ன செய்யும்?" என்றான். தெரேஸ் அவனை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. எனக்கு ஆத்திரத்தில் பிரெஞ்சே வரவில்லை. எங்கள் வெட்டு பிழையென்று அவனுக்குச் சொல்லத் தெரிகிறது, விற்க முன்னால் எப்படி வெட்டுவாய் என்று கேட்க மட்டும் தெரியவில்லை. கேட்டிருந்தால் முழுச் செம்பில் செய்த, ஈயமே இல்லாத சன்னம் இருக்கிறதே! .303 துவக்குக்கு அது இலகுவில் கிடைக்காது, ஆனால் தெரேஸ் சொல்லி எடுப்பித்திருப்பாள். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் கவுண்டரில் நாலாவது கேள்வியாக அதைக் கேட்கத் தொடங்கினோம்: இறைச்சியை எப்படி வெட்டுவீர்கள்? சீனர், இத்தாலியர், கியூபெக்காரர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் கேட்டோம்.

நிரோஷா ஈயச் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குச் சில நாள் காத்திருந்தாள். பயப்படும்படி இல்லை, இனி அந்த இறைச்சியைத் தொட வேண்டாம் என்று தாதி சொன்ன அன்று குணமண்ணை எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "காரை எடுத்துக்கொண்டு வாரும்" என்றார்.

கொடுத்த பங்கைத் திருப்பிக் கேட்பது நம்மவர்களிடம் இல்லாத வழக்கம். ஒரு வீட்டோடு உறவு முறிந்தால்கூட யாரும் அதைச் செய்வதில்லை. குணமண்ணை ஒவ்வொரு வாசலாக ஏறினார். நான் கூட வரட்டுமா என்றதற்கு, "நீர் காரில இரும். குடுத்தது நான்" என்றார். ஒரு வீட்டில், அவர் மனம் நோகக் கூடாதென்று, "அருமையா இருந்தது அண்ணை, முடிஞ்சுது" என்று பொய் சொல்லியிருக்கிறார்கள். "பிள்ளையள் இருக்கிற வீடு, பொய் சொல்லாதேங்கோ, பிரீசரைத் திறவுங்கோ" என்று நின்று வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் பங்கையும் வதனி கொண்டுவந்து காரிலிருந்த ஐஸ்பெட்டிக்குள் வைத்தாள். எங்கே கொண்டுபோய் எறிவது என்று நான் கேட்டேன். கடைக்குக் காரை விடச் சொன்னார்.

சனிக்கிழமை, சனம் நெருக்கியடித்தது. ஐஸ்பெட்டியைத் தூக்கிவந்து கவுண்டரில் வைத்தார். பெனுவா தன் விற்பனைச் சிரிப்போடு வந்து, "வேட்டை நல்லபடி போனதா?" என்றான். குணமண்ணை ஒரு பையை வெளியே எடுத்து அவன் முன்னால் வைத்தார். முப்பது வருடம் தொழிற்சாலையில் பேசிப் பழகிய உடைந்த பிரெஞ்சுதான் அவருடையது, ஆனால் அன்று ஒரு சொல்லும் தடக்கவில்லை.

"மெஸ்யூ, இது உங்கள் பங்கு. தோள் பக்கம். கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுங்கள்."

பெனுவா ஒரு அடி பின்னால் போனான். "இல்லை, இல்லை... என்னால் இதை எடுக்க முடியாது."

"ஏன்?" என்றார் குணமண்ணை.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெனுவா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.